ஓசூருக்கு ஓர் அணி

தங்கதுரை ஓசூருக்கு வந்து இருபத்திரண்டு வருடம். பம்பு செய்யும் ஒரு கம்பெனியில் மெஷின் ஷாப் சூப்பர்வைசர். வாடகை வீடு நான்கு மாற்றியாயிற்று. மகள் ரஞ்சிதா பிறந்ததும் படித்ததும் இங்கேதான். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் ஆட்டோக்காரரோடு சண்டை போடும் அளவுக்கு அவள் உள்ளூர்க்காரி. இவரோ இன்றைக்கும் யாராவது கேட்டால் திருமங்கலம் பக்கம் என்பார். அவரை மட்டும் குறை சொல்வதற்கில்லை, தொழிற்பேட்டையில் பாதிப் பேர் அப்படித்தான். வேலையும் சோறும் இங்கே. காதுகுத்தும் கல்யாணமும் இழவும் அங்கே. ஆதாரும் ரேஷன் அட்டையும் ஓட்டும் அங்கேயே கிடக்கும். பொங்கலுக்கு முந்தின நாள் ஓசூர் பஸ் நிலையத்தில் கால் வைக்க இடம் இருக்காது, பொங்கலன்று ஊருக்குள் ஒரு டீ கிடைக்காது.

அவர் மனைவி ராஜலட்சுமி பத்து வருடமாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள், முகவரியை மாற்றித் தொலையுங்கள் என்று. கேஸ் இணைப்புக்கு அலைந்தபோது சொன்னாள், ரஞ்சிதாவுக்குக் கல்லூரிச் சான்றிதழ் வாங்க அலைந்தபோது சொன்னாள். ரிட்டையர் ஆனதும் ஊருக்குத்தானே போகப்போகிறோம், எதற்கு இரண்டு வேலை என்பார் தங்கதுரை. ஒரு நாள் லீவு போட்டால் முடிகிற காரியம் அது. அந்த ஒரு நாள் அவருக்கு வரவே இல்லை.

ஆனால் ஓசூரில் அவருக்கென்று ஒன்று இருந்தது. உத்தனப்பள்ளி போகிற வழியில் கோவிந்தன் என்ற விவசாயிக்கு ரோட்டை ஒட்டி நாலு ஏக்கர் மேட்டு நிலம். ராகி அறுத்துக் காலியாகக் கிடந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பந்து விளையாடிக்கொள்ளலாமா என்று தங்கதுரை போய்க் கேட்டார். ஒரு ஞாயிறு என்றுதான் பேச்சு. அது மூன்று வருடம் ஆயிற்று. வரப்பை மிதித்து நாசம் பண்ணுகிறார்களா என்று பார்க்க வந்த கோவிந்தன், நாலாவது வாரம் நாற்காலி எடுத்துக்கொண்டு வந்தார். அடுத்த போகம் ராகி விதைக்கவில்லை. மாட்டிடம் தெலுங்கிலும் சந்தையில் கன்னடத்திலும் பேசுகிற மனிதர், பந்து கோலுக்குப் பக்கத்தில் போனால் மட்டும் எந்த மொழியிலும் சேராத ஒரு சத்தம் போடுவார்.

அந்த மைதானத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. கம்பெனி பெயரில் அணி வைத்தால் நிர்வாகம் மூக்கை நுழைக்கும். ஊர்ப் பெயரில் வைத்தால் சாதி வந்து நடுவில் உட்காரும். ஆகவே ஷிஃப்ட் பெயரில் அணி: ஏ ஷிஃப்ட், பி ஷிஃப்ட், சி ஷிஃப்ட், ஜெனரல். இருபது கம்பெனி ஆட்களும் கலந்து கிடப்பார்கள். ஷிஃப்ட் மாறினால் அணியும் மாறும். போன வாரம் பந்தைக் கொண்டுபோய்க் கொடுத்தவனையே இந்த வாரம் காலை விட்டுத் தடுக்க வேண்டியிருக்கும். இதனால் அங்கே நிரந்தரப் பகை என்று ஒன்று யாருக்கும் கிடையாது. இந்த ஏற்பாட்டை யோசித்தவர் தங்கதுரைதான். ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டாயிரம் பேர் வரப்பில் நின்று பார்க்கிற அளவுக்கு அது வளர்ந்தது.

போன வருடம் தேசியக் கால்பந்து லீக் ஓர் அறிவிப்பு விட்டது. இருக்கிற அணிகள் போதாது, புதிதாக இரண்டு நகரங்களுக்கு அணி தரப்போகிறோம், விருப்பமுள்ள நகரங்கள் மனுப் போடலாம் என்று. நிபந்தனை பெரிதாக ஒன்றும் இல்லை. மைதானம் காட்ட வேண்டும், கைகொடுக்கக் கம்பெனிகள் வேண்டும், அந்த நகரத்திலேயே பத்தாயிரம் ஆதரவாளர்கள் பெயர் பதிய வேண்டும். செய்தியைக் கொண்டுவந்து காட்டியவன் கமலக்கண்ணன்.

கமலக்கண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். உசிலம்பட்டிக்காரன். பதினாலு வருடத்துக்கு முன்னால் ஒரு பையோடு ஓசூரில் இறங்கியபோது அவனுக்குத் தெரிந்த ஒரே பெயர் தங்கதுரை. எட்டு மாதம் அவர் வீட்டுக் கூடத்தில் படுத்து, ராஜலட்சுமி கையால் சாப்பிட்டு, அவர் சொல்லி ஒரு கம்பெனியில் சேர்ந்தான். இப்போது இன்னொரு பெரிய கம்பெனியில் எச்.ஆர். மேலாளர். ஆங்கிலம் தண்ணீர்பட்ட பாடு. மனுப் போடும் குழுவுக்கு அவன் ஒருங்கிணைப்பாளர், தங்கதுரை துணை ஒருங்கிணைப்பாளர் என்று முடிவானபோது யாருக்கும் அதில் மாற்றுக் கருத்து இல்லை. பேச ஒருவன், ஓட ஒருவர்.

ஓடினார். கம்பெனி பஸ் நிற்கும் இடங்களில், கேன்டீன் வாசல்களில், ஆறு பேர் படுக்கும் அறைகளில், காய்கறிச் சந்தையில் ஏறி இறங்கினார். போலிப் பதிவு வரக்கூடாது என்று லீக் ஆதார் எண்ணைக் கேட்டது. எண்ணைப் போட்டால் போனுக்கு ஒரு ஓ.டி.பி. வரும், அதைச் சொன்னால் முடிந்தது. ரஞ்சிதா தன் கல்லூரித் தோழிகள் பத்துப் பேரை வைத்துக்கொண்டு பதிந்து தள்ளினாள். முதல் நாள் முதல் பதிவு தங்கதுரையுடையது. மூன்று மாதத்தில் எண்ணிக்கை இருபத்தோராயிரத்தைத் தாண்டியது. அதில் மதுரைப் பக்கத்து ஆட்கள் மட்டும் நாலாயிரத்துக்கு மேல் இருப்பார்கள், எல்லாரும் தங்கதுரையின் ஒரு சொல்லுக்கு வந்தவர்கள். பத்தாயிரம் கேட்டதற்கு இருபத்தோராயிரம். அவர் நடையே மாறிப்போயிற்று.

அதற்கு நடுவில் ரோட்டோரம் கிடங்கு கட்டுகிறவர்கள் கோவிந்தனின் நிலத்தைக் குத்தகைக்குக் கேட்டு வந்தார்கள். கோவிந்தனின் இரண்டு மகன்களும் கொடுத்துவிடலாம் என்று நின்றார்கள். தங்கதுரை போய், ஓசூருக்கு அணி வந்தால் இந்த நிலம்தான் பயிற்சி மைதானம், மனுவிலேயே எழுதியாயிற்று, முடிவு வரும்வரை பொறுங்கள் என்றார். வருமா என்று கோவிந்தன் ஒரே ஒரு முறை கேட்டார். நான் இருக்கிறேன் அண்ணா, வரும் என்றார் தங்கதுரை. கோவிந்தன் மகன்களிடம் போய், தங்கதுரை சார் வாக்குக் கொடுத்திருக்கிறார், ஒரு வருடம் யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். கிடங்குக்காரர்கள் பக்கத்து நிலத்தில் கல் நட்டுவிட்டு இவருக்காகக் காத்திருந்தார்கள்.

ஜனவரியில் ஒரு மத்தியானம், பி ஷிஃப்ட் உள்ளே போகிற நேரம், கமலக்கண்ணன் கம்பெனி கேட்டுக்கு வந்தான். பைக் டேங்க் மேல் ஆறு தாள்களைப் பரப்பி வைத்து, கீழே பேனாவால் சின்னச் சின்னதாகப் புள்ளி வைத்திருந்தான். எல்லாம் ஆங்கிலம். தங்கதுரைக்குப் பஞ்ச் அடிக்க மூன்று நிமிடம் இருந்தது. என்னடா இது என்றார். வழக்கமான பேப்பர்தாண்ணே என்றான். மெஷின் ஷாப்பில் ஒரு டிராயிங் வந்தால் நாலு தரம் சரிபார்த்து, ஆபரேட்டர் எரிச்சல் படுகிற வரைக்கும் கேள்வி கேட்கிற மனிதர், ஆறு புள்ளியிலும் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடினார்.

முடிவு வெளியான ஞாயிற்றுக்கிழமை காலை மைதானத்தில் ஷாமியானா போட்டு, ஒரு பெரிய திரை கட்டியிருந்தார்கள். மூவாயிரம் பேர். கோவிந்தனின் மனைவி வெள்ளையம்மா அண்டா நிறைய மோர் கரைத்து வைத்திருந்தார். கமலக்கண்ணன் அறிவிப்பு விழாவுக்காக டெல்லி போயிருந்தான். திரையில் கோட்டுப் போட்டவர்கள் கைதட்டிக்கொண்டார்கள். முதல் நகரம் குவாலியர். சரி, ஒன்று அவர்களுக்கு என்றார்கள். இரண்டாவது நகரம் மதுரை.

சி ஷிஃப்ட் பையன்கள் நாலைந்து பேர் விசில் அடித்துவிட்டார்கள். சொந்த ஊர்ப் பெயரைத் திரையில் கண்ட வேகம். அடித்தவர்கள் தாங்களே திகைத்து நிறுத்தினார்கள். ரஞ்சிதா போனில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். லீக் தன் இணையப் பக்கத்தில் ஒவ்வொரு நகரத்தையும் எதற்காக எடுத்தோம், எதற்காக விட்டோம் என்று அறிக்கை போட்டிருந்தது. அவள் அப்பாவைத் தனியாக வரப்புக்கு அழைத்துப்போய் படித்துக் காட்டினாள்.

ஓசூரிலிருந்து மனுவோடு வந்த இருபத்தோராயிரம் பேரில், ஆதாரில் ஓசூர், கிருஷ்ணகிரி முகவரி உள்ளவர்கள் மூவாயிரத்துச் சொச்சம். மற்றவர்களை அவரவர் முகவரிப்படி அந்தந்த நகரத்தில் சேர்த்துவிட்டார்கள். மதுரைக்காரர்கள் தாங்களாகத் திரட்டியது ஆறாயிரத்து முந்நூறு, அதை வைத்து அவர்கள் தேறியிருக்க முடியாது. ஓசூர்ப் பட்டியலிலிருந்து போன நாலாயிரத்து நூறு பேர்தான் அவர்களைப் பத்தாயிரத்துக்கு மேல் தூக்கிவிட்டவர்கள்.

இதுவரை கேட்டபோது தங்கதுரைக்கு வந்தது வெறும் ஆற்றாமை. விதி என்று தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ரஞ்சிதா அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். இந்த வேறுபாட்டை லீக் ஜனவரியிலேயே கவனித்துக் கடிதம் எழுதியிருந்தது. ஓசூரில் வேலை செய்கிறார்கள் என்று கம்பெனிகளிடம் கடிதம் வாங்கி அனுப்பினால் அவர்களை ஓசூர்க் கணக்கிலேயே வைத்துக்கொள்கிறோம், இருபத்தோரு நாள் தவணை என்று. பதில் எட்டாம் நாளே போயிருந்தது. ஆதார் முகவரியையே எடுத்துக்கொள்ளலாம், எங்களுக்கு ஆட்சேபம் இல்லை. பதிலின் நகலும் அங்கேயே இருந்தது. கமலக்கண்ணன் கையெழுத்து ஒன்று. அதற்குக் கீழே, அவசரத்தில் கொக்கி போட மறந்த தங்கதுரையின் கையெழுத்து.

ரஞ்சிதா ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலாவது நாலு வார்த்தை திட்டி ஆற்றிக்கொண்டிருப்பார்.

கமலக்கண்ணன் செவ்வாய்க்கிழமை திரும்பினான். புதன்கிழமை தங்கதுரை லீவு போட்டுக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனார். கூடத்தில் அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. மதுரை அணிக்கு அவன்தான் செயல்பாட்டு மேலாளர் என்பது அந்தக் காலைப் பேப்பரிலேயே வந்திருந்தது. அண்ணே வாங்க என்று எழுந்து நின்றான். உட்காரச் சொன்னான். தங்கதுரை உட்காரவில்லை.

"இருபத்தோரு நாள் குடுத்திருக்காய்ங்க. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ரெண்டே நாள்ல இருபது கம்பெனி லெட்டரையும் வாங்கிட்டு வந்திருப்பேன்டா."

"தெரியும்ணே. அதான் சொல்லல."

பொய் சொல்வான், மறந்துவிட்டது என்பான், காலில் விழுவான் என்றெல்லாம் வழி நெடுக நினைத்துக்கொண்டு வந்தவர் தங்கதுரை. மார்பில் யாரோ கையை வைத்துத் தள்ளியது போல ஓர் அடி பின்னால் போனார். எட்டு மாதம் தன் கூடத்தில் படுத்திருந்தவன், காய்ச்சல் வந்தபோது ராஜலட்சுமி கஞ்சி வைத்துக் கொடுக்கக் குடித்தவன், தன் கையெழுத்தையே எடுத்துத் தன் கழுத்தில் வைத்துவிட்டு, தெரியும்ணே என்கிறான்.

கமலக்கண்ணன் தணிந்த குரலில் பேசினான். அவனுக்கு வருத்தம் இருந்தது, அதை மறைக்கவும் இல்லை. மதுரைக்காரர்கள் நவம்பரிலேயே தன்னைக் கூப்பிட்டுப் பேசியதையும், தான் ஒரு மாதம் தூங்காததையும் சொன்னான். அதன் பிறகு அவன் சொன்னதுதான் தங்கதுரைக்கு நெடுநாள் காதில் கிடந்தது.

"இங்க யாருண்ணே இருக்கா? ரிட்டையர் ஆன மறுநாள் நீங்களே இங்க இருக்க மாட்டீங்க. உங்க ஓட்டு இன்னும் திருமங்கலத்துலதான இருக்கு? நான் எவனையும் மாத்தி எழுதல. அவனவன் எழுதி வச்சிருந்த ஊருக்கு அவனவன் போயிருக்கான். நம்ம மண்ணுக்குத்தாண்ணே செஞ்சேன். ஒரு நாள் நீங்களே அங்க வந்து உக்காந்து மேட்ச் பாப்பீங்க."

தங்கதுரைக்குக் கை ஓங்கிக்கொண்டுதான் வந்தது. ஆனால் அவன் கடைசி வாக்கியத்தைச் சொன்னபோது, ஒரே ஒரு நொடி, மதுரையில் ஒரு பெரிய மைதானமும் அதில் தானும் தன் அண்ணன் பிள்ளைகளும் உட்கார்ந்திருப்பதும் மனசுக்குள் வந்து, இனிக்கவும் செய்தது. அந்த ஒரு நொடிக்காகத் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. இனிமேல் என் வீட்டுப் படி ஏறாதே என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தார். சொன்னதில் எந்தக் கனமும் இல்லை என்பது அவருக்கே தெரிந்தது. அவன்தான் ஊரைவிட்டே போகிறானே.

அங்கிருந்து நேராக உத்தனப்பள்ளி வழியில் வண்டியை விட்டார். கோவிந்தன் நிலத்தில்தான் இருந்தார். ஷாமியானா நட்ட குழிகளை மண்வெட்டியால் மூடிக்கொண்டிருந்தார். தங்கதுரையைப் பார்த்ததும் மண்வெட்டியைச் சாய்த்துவிட்டு, வெயிலாக இருக்கிறது, நிழலுக்கு வாங்க என்றார். தங்கதுரை வெயிலிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னார். கடிதம் வந்ததை, பதில் போனதை, கமலக்கண்ணன் சொன்னதை. தன் கையெழுத்தையும் மறைக்கவில்லை. படிக்காமல் போட்டீர்களா என்றுகூடக் கோவிந்தன் கேட்கவில்லை.

பிறகு அவர் வேறு எதையோ சொல்கிறவர் மாதிரிச் சொன்னார். அவர்கள் கிராமத்தில் ஒருவர் விடாமல் பெயர் பதிந்தார்களாம். வெள்ளையம்மாவின் ஆதாரில் போன் நம்பர் இல்லை, அதனால் ஓ.டி.பி. வரவில்லை. நம்பர் சேர்க்க ராயக்கோட்டைக்குப் போனால் கைரேகை விழவில்லை. களை பறித்துப் பறித்துத் தேய்ந்த விரல். எண்ணெய் தடவி, சோப்புப் போட்டுக் கழுவி, மூன்று முறை பஸ் ஏறிப் போய், மூன்றாம் முறை இடது கைப் பெருவிரலில்தான் விழுந்ததாம்.

"அந்த மூவாயிரத்துல எங்கூட்டுக்காரி ஒருத்தி இருக்கறா சார்" என்றார் கோவிந்தன். "உங்க பேரு எதுல வந்துச்சி?"

தங்கதுரைக்குப் பதில் தெரியும். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து தெரியும். முதல் நாள் முதல் பதிவு, எல்லாருக்கும் முன்னால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போட்டது. அதை இன்னொருவர் கேட்டு, தான் வாய்விட்டுச் சொல்ல வேண்டிவரும் என்று மட்டும் அவர் நினைத்திருக்கவில்லை.

"மதுரைலண்ணா."

கோவிந்தன் தலையை ஆட்டினார். கோபம் இருந்திருந்தால் தங்கதுரை தாங்கிக்கொண்டிருப்பார். ஏதோ நெடுநாள் சந்தேகம் ஒன்று தீர்ந்துபோன மாதிரிதான் அவர் முகம் இருந்தது. ஒரு வருடமாக மகன்களிடம் பேச்சு வாங்கிய மனிதர், நிலத்தை ஒரு முறை கடைசி வரைக்கும் பார்த்தார்.

"வெள்ளிக்கெழம கிடங்குக்காரங்க வர்றாங்க சார். கோல் போஸ்டு ரெண்டயும் அதுக்குள்ள எடுத்துக்கோங்க. நல்ல பைப்பு, நீங்க பாத்துப் பாத்துப் பண்ணது. உங்க ஊருக்கு லாரி ஏதாச்சும் போச்சின்னா ஏத்தி வுட்டுடுங்க. அங்க ஒதவும்."

குத்தலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே பைப்பு வீணாகக் கூடாது என்ற அக்கறையில்தான் சொன்னார். அதுதான் தங்கதுரையை உடைத்தது. இல்லண்ணா, எனக்கு இந்த ஊருதான் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. இருபத்திரண்டு வருடத்தில் ஒருவரிடமும் ஒருமுறையும் சொல்லாததை இன்றைக்கு இந்த மனிதரிடம் போய் எப்படிச் சொல்வது? சொன்னாலும் அவர் மரியாதைக்குச் சரிங்க என்பார்.

பத்தொன்பதாம் நம்பர் ஸ்பானர் இருக்கிறதா என்று கேட்டார் தங்கதுரை. மோட்டார் கொட்டகையில் இருக்கும், எடுத்துவருகிறேன் என்று கோவிந்தன் நடந்தார்.